மூச்சைப் பிடிங்க

செய்தி அவருக்குப் போய்ச் சேர்ந்தபோது காலை ஆறே முக்கால். அந்த நேரத்தில் அவர் எங்கே இருப்பார் என்று தெருவில் எல்லோருக்கும் தெரியும். எங்கள் வீட்டுக்கு எதிரே, தன் வீட்டு வாசலில், பழைய மோட்டார் சைக்கிளின் மேல் இருப்பார். தலையில் ஹெல்மெட், வார் கட்டாமல். இரண்டு காலும் தரையில். சாவி திருப்பியாயிற்று. முன்விளக்குக்கு மேலே இருக்கிற சின்ன மீட்டரில் முள் நடுவில் வந்து நிற்கிறது. பக்கக் கண்ணாடியில் எங்கள் வீட்டுக் கதவு தெரிகிற மாதிரித் திருப்பி வைத்திருப்பார். கதவு திறந்து என் அப்பா வர வேண்டும்.

அன்றைக்குக் கதவைத் திறந்துகொண்டு நான் வந்தேன்.

"என்னம்மா, ஷூவைத் தேடிக்கிட்டிருக்கானா?" என்றார், கண்ணாடியைப் பார்த்தபடியே.

அப்பா தூக்கத்திலேயே போய்விட்டார் என்று சொன்னேன். அவர் திரும்பவில்லை. சாவியைத் திருப்பி அணைத்தார். குனிந்து பெட்ரோல் குழாயை மூடினார். ஹேண்டிலில் தொங்கிய இரண்டாவது ஹெல்மெட்டை எடுத்து, அதன் உள்பக்கத்தை ஊதித் தூசி போக்கி, என் கையில் கொடுத்தார். அதை வாங்கிக்கொண்டு வீட்டுக்குள் வந்து ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அவர் வண்டியிலிருந்து இறங்க நெடுநேரம் ஆயிற்று. முழங்கால் அப்படி.

எக்ஸ்ரே மாமா என்றால்தான் அவரைத் தெருவில் தெரியும். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் எக்ஸ்ரே எடுக்கிற வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எதையும் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்தால்தான் அவருக்கு நம்பிக்கை வரும். டீ கிளாஸ், மாத்திரை அட்டை, மின்கட்டண ரசீது எல்லாவற்றுக்கும் ஒரே மரியாதை. அப்பா தையல்காரர். மாமாவுக்குத் தைத்த சட்டையையும் மாமா ஜன்னலில் பிடித்துப் பார்த்து, "தோள்ல மூட்டு லேசா விலகியிருக்கே" என்பார். "அப்ப மாவுக்கட்டு போட்டுக்கிட்டுப் போ" என்று அப்பா ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொல்வார்.

வேலை பார்த்த காலம் முழுக்க மாமா ஜனங்களிடம் பேசியது மூன்றே வாக்கியம்தான். மூச்சைப் பிடிங்க. அசையாதீங்க. விடுங்க. ஓய்வு பெற்ற பிறகும் அது அவர் வாயை விட்டுப் போகவில்லை. யாராவது ஊசியில் நூல் கோத்தால் சொல்வார். நிரம்பி வழிகிற குடத்தை யாராவது தூக்கினால் சொல்வார். மகன் கல்யாணத்தில் போட்டோக்காரர் கேமராவைத் தூக்கியதும் பழக்கத்தில் இவர் குரல் கொடுத்துவிட்டார். "விடுங்க" என்று சொல்லத்தான் மறந்துவிட்டது. அந்தப் படத்தில் இரு வீட்டாரும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, ஏதோ தண்டனைக்குக் காத்திருப்பவர்கள் போல நிற்கிறார்கள். மகனின் மாமியாருக்குக் கண்கள் பிதுங்கியிருக்கின்றன.

அந்த மகன் இப்போது வேறு ஊரில் இருக்கிறான். அத்தையும் போய்ச் சேர்ந்துவிட்டார். வீட்டில் மாமாவும் வண்டியும்தான். மழைக்காலத்தில் வண்டி கூடத்துக்குள் வந்துவிடும். சோபா மூலைக்குப் போகும்.

அந்த வண்டியைக் கிளப்ப இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். பட்டன் கிடையாது, காலால்தான் கிளப்ப வேண்டும். மாமாவின் வலது முழங்கால் தேய்ந்துபோனது. அதன் படத்தை அலமாரியில் வைத்திருக்கிறார், வருகிறவர்களுக்கு எடுத்துக் காட்டுவார். "பாரு, எலும்பும் எலும்பும் எவ்வளவு ஒட்டி உக்காந்து பேசுதுங்க." அப்பாவுக்குக் கால் உறுதி, ஆயுள் முழுக்கத் தையல் மிஷின் மிதித்த கால். ஆனால் கத்திரி பிடித்துப் பிடித்து விரல்கள் வளைந்துவிட்டன. கிளட்சை இழுத்துப் பிடிக்க முடியாமல் தன் சொந்த வண்டியை எப்போதோ கொடுத்துவிட்டார். ஒருவரிடம் கை இருந்தது, இன்னொருவரிடம் கால் இருந்தது. இருவரையும் சேர்த்தால் முழு ஓட்டுநர் ஒருவர் தேறுவார்.

காலையில் மாமா கிக்கரைக் கையாலேயே மெல்ல அமுக்கி, முள்ளை நடுவுக்குக் கொண்டுவந்துவிட்டு ஏறி உட்கார்ந்துகொள்வார். முள் நடுவில் நின்றால் உள்ளே பிஸ்டன் உச்சியில் நிற்கிறது என்று அர்த்தம். அப்பா வலப்பக்கம் வந்து, மாமாவின் தோளில் ஒரு கையை ஊன்றி, கிக்கரில் காலை வைப்பார். கிளப்புவதற்கென்றே ஒரு பழைய கேன்வாஸ் ஷூ வைத்திருந்தார். "மூச்சைப் பிடி" என்பார் மாமா. அப்பா நிஜமாகவே பிடிப்பார். "விடு." ஒரே மிதி, வண்டி பேச ஆரம்பித்துவிடும். அப்புறம் அப்பா சுற்றி வந்து பின்னால் ஏறுவார். சீட்டுக்கு அடியில் ஸ்பிரிங் ஒரு தரம் அமுங்கி எழும். மாமா இடது கையைப் பின்னால் கொண்டுபோய் அப்பாவின் முழங்காலில் இரண்டு தட்டு தட்டுவார். ஏறியாயிற்றா என்று கேள்வி. பதில் எதுவும் வராது. அதற்குப் பிறகுதான் கிளட்சும் கியரும்.

ஊர் முடிகிற இடத்தில் இருக்கும் தண்ணீர்த் தொட்டி வரைக்கும் போவார்கள். அங்கே ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்புவார்கள். வழியெல்லாம் சண்டை. நான் இல்லாட்டி உன் வண்டி துணி காயப்போடத்தான் லாயக்கு என்பார் அப்பா. நான் இல்லாட்டி உன் கால் மிஷினுக்கு அடியிலேயே கிடக்க வேண்டியதுதான் என்பார் மாமா. திரும்பி வரும்போது இருவர் முகத்திலும் ஏதோ பெரிய காரியம் முடித்த களை இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பெட்ரோல் பங்க் பக்கத்து டீக்கடையில் இவர்களைப் போன்றவர்கள் கூடுவார்கள். எல்லோரும் அறுபதைத் தாண்டியவர்கள். எல்லா வண்டிகளும் எண்ணெய் சிந்துபவை. எந்த வண்டி எங்கே நின்றிருந்தது என்று மறுநாள் தரையைப் பார்த்தே சொல்லிவிடலாம். ஏன் இந்தப் பழைய வண்டியைக் கட்டிக்கொண்டு அழுகிறீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். ரிட்டயர்டு கண்டக்டர் சீட்டைத் தட்டிக் காட்டினார். உட்கார்ந்தால் கால் தரையில் படுகிறது, இந்த வயசில் அதைவிட என்ன வேண்டும் என்றார். புது வண்டியில் ஏதாவது கெட்டுப்போனால் ஒரு சிவப்பு விளக்கு எரியும், கடைக்குப் போ என்று அர்த்தம், அவ்வளவுதான் பேச்சு என்று மருந்துக்கடைக்காரர் குறைப்பட்டார். இது எங்கே வலிக்கிறது என்று சத்தத்திலேயே சொல்லுமாம். எக்ஸ்ரே மாமா எல்லோரும் பேசி முடிக்கிறவரை ஸ்பார்க் பிளக்கை வானத்துக்கு நேரே பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"புது வண்டி நிக்காதும்மா" என்றார். "நல்ல வண்டிதான், நான் குறை சொல்லல. ஆனா நின்னாத்தானே ஒருத்தன் பக்கத்துல வந்து என்னாச்சுன்னு கேப்பான்?"

அப்படிக் கேட்டு வந்தவர்தான் என் அப்பா. பல வருஷங்களுக்கு முன்னால், கொட்டுகிற மழையில், ரயில்வே கேட் பக்கத்தில் மாமாவின் வண்டி நின்றுவிட்டது. வழியில் போன அப்பா தன் வண்டியை நிறுத்தினார். யாருடைய கோட்டுக்கோ வாங்கி வைத்திருந்த உள்துணியில் ஒரு முழம் கிழித்துப் பிளக்கைத் துடைத்துக் கொடுத்தார். அதற்குள் அப்பாவின் வண்டியும் நனைந்து நின்றுபோனது. இரண்டையும் தள்ளிக்கொண்டு வந்தார்கள். வீடு எங்கே என்று பாதி வழியில்தான் கேட்டுக்கொண்டார்களாம். எதிரெதிர் வீடு என்று தெரிந்தபோது இருவருக்கும் வெட்கமாகிவிட்டது.

போன வருஷம் மகன் ஒரு புது வண்டி வாங்கிக் கொடுத்தான். பட்டனை அழுத்தினால் போதும். இனி தையல்காரர் தயவு வேண்டாம் என்று விளையாட்டாகச் சொன்னான், அப்பாவுக்குச் சுருக்கென்றது. என்றாலும் முதல் சவாரிக்குத் துணையாகப் பின்னால் ஏறிக்கொண்டார். பழைய வண்டியில் வலது காலுக்குக் கியர், இடது காலுக்குப் பிரேக். புது வண்டிகளில் அது நேர் எதிராக மாறிவிட்டது. மாமாவுக்கு இது தெரியும். வீட்டிலிருந்து தெருமுனை வரைக்கும் "வலது பிரேக், இடது கியர்" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓட்டினார். முனையில் ஒரு பள்ளிக்கூட வேன் சட்டென்று திரும்பியது. மாமாவின் இடது கால், பிரேக் இருந்த இடத்தை ஓங்கி அழுத்தியது. அங்கே கியர் இருந்தது. வண்டி உறுமிக்கொண்டு போய்க் குப்பைத் தொட்டியில் முட்டியது.

இருவருக்கும் சிராய்ப்புதான். அப்பா குப்பைக்கு நடுவே உட்கார்ந்தபடி கேட்டார். "ஊர்ல இருக்கிற எலும்புக்கெல்லாம் இது வலது, இது இடதுன்னு எழுதிப் போட்டவன்டா நீ."

"மூளைக்குச் சொல்லிட்டேன்டா, அது கேட்டுக்கிச்சு" என்றார் மாமா. "காலுக்கு யாரு போய்ச் சொல்றது?"

அவர்கள் சிரித்துக்கொண்டு வந்தார்கள். மகன் சிரிக்கவில்லை. வயசாகிவிட்டது, கண் தெரியவில்லை, கவனம் இல்லை என்று அவனாக முடிவு கட்டிவிட்டான். புது வண்டி உறை போர்த்திக் கொல்லைப்பக்கம் போனது. பழைய வண்டியையும் ஒரு ஓட்டல்காரர் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் ஓட்டல் முன்கூடத்தில், கண்ணாடிச் சுவருக்குப் பின்னால், விளக்குப் போட்டு அழகுக்கு நிறுத்துவாராம். அப்பா இருந்தவரை அந்தப் பேச்சு தலையெடுக்கவில்லை. இந்த வண்டியில் அப்படித் தப்பு நடக்காது என்று அப்பா அடித்துச் சொல்லிவிட்டார். தினமும் பின்னால் உட்கார்ந்து போகிறவர் சொல்லும்போது மகனால் மறுக்க முடியவில்லை.

அப்பாவின் காரியங்கள் முடிந்து உறவினர்கள் கிளம்பிப் போன பிறகு, ஒருநாள் காலை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மாமா வண்டியை வெளியே எடுத்திருந்தார். துடைத்தார். சாவியைத் திருப்பி, கிக்கரைக் கையால் அமுக்கி முள்ளை நடுவுக்குக் கொண்டுவந்தார். ஏறி உட்கார்ந்தார். "மூச்சைப் பிடி" என்றார். தெரு அமைதியாக இருந்ததால் எனக்குக் கேட்டது. அப்படியே உட்கார்ந்திருந்தார். அப்புறம் சாவியை அணைத்துவிட்டு இறங்கினார். மறுநாளும் அப்படித்தான், அதற்கடுத்த நாளும். "விடு" என்ற சொல் மட்டும் வரவே இல்லை.

டீக்கடை நண்பர்கள் வந்து பார்த்தார்கள். தோளைத் தட்டினார்கள். உதைத்துக் கொடுக்கிற முழங்கால் அவர்களில் ஒருவருக்கும் மிச்சமில்லை. பக்கத்து வீட்டு டெம்போக்காரர் இரக்கப்பட்டு ஒருநாள் இறங்கி வந்தார். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு கால்பந்து உதைப்பது போல ஒரு உதை விட்டார். கிக்கர் திருப்பி அடித்து, கெண்டைக்காலில் பட்டதில் அவர் நடைபாதையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"மாமா, இது வண்டியா கழுதையா?"

"நீ உதைச்சே, அது திருப்பி உதைச்சுது" என்று மாமா அவருக்குத் தைலம் எடுத்து வந்து கொடுத்தார். "அவன் உதைக்க மாட்டான்பா. மிதிப்பான்."

அந்த வாரம் மகன் போன் செய்தான். ஓடினால் வைத்துக்கொள்ளுங்கள், ஓடவில்லை என்றால் கொடுத்துவிடலாம், ஞாயிற்றுக்கிழமை வேன் அனுப்புகிறேன் என்று சொன்னானாம். மாமா சரி என்று சொல்லிவிட்டார். எனக்கும் அவனே போன் செய்து சொன்னான். என் மேல் அவனுக்கு உடன்பிறந்த பாசம். "அக்கா, நான் கெட்டவன் மாதிரி தெரியும். ஆனா அவர் எங்கேயாவது விழுந்தா யாருக்கா தூக்குறது?" என்றான்.

அப்பாவின் அறையை ஒழித்துக்கொண்டிருந்தபோது மிஷினில் ஒரு கறுப்பு ரெக்சின் துணி மாட்டியிருந்தது. மாமாவின் வண்டிக்குச் சீட் உறை. வளைந்த விரல்களை வைத்துக்கொண்டு தினம் கொஞ்சமாகத் தைத்து வந்திருக்கிறார். வெட்டி, விளிம்பு மடித்து, முன்பாதியில் வரி வரியாகத் தையலும் ஓட்டி முடித்திருந்தார். பின்பாதியில் அந்த வரிகளுக்குச் சாக்பீஸால் கோடு போட்டிருந்தார். மாமாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். வேண்டுமானால் மீதியை நான் தைத்துத் தருகிறேன் என்றேன். உறையை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து வெகுநேரம் பார்த்தார். "முன்சீட்டை முதல்ல தச்சிருக்கான்" என்றார். தைக்கக் கொடுக்கவில்லை. அன்று மாலையே அதை அப்படியே சீட்டில் மாட்டிவிட்டார். வண்டி போகப்போகிறது என்று தெரிந்தே மாட்டினார்.

உறையைக் கழற்றிக் கொடுத்த பிறகு வெறும் மிஷின் இருந்தது. நான் வளர்ந்தது அந்த மிஷினுக்குப் பக்கத்தில்தான். தையல் எனக்குச் சுமாராகத்தான் வரும், மிதிப்பது நன்றாக வரும். சக்கரம் உச்சியைத் தாண்டுகிற இடத்தில் காலை அழுத்த வேண்டும். அதற்கு முன்னாலேயே அவசரப்பட்டு அழுத்தினால் சக்கரம் பின்னோக்கிச் சுற்றி நூலை அறுத்துவிடும். நூல் கோக்காமல், துணி வைக்காமல், சும்மா உட்கார்ந்து மிதித்துக்கொண்டிருந்தேன். டெம்போக்காரரின் கெண்டைக்கால் நினைவுக்கு வந்தது.

சனிக்கிழமை காலை ஆறே முக்காலுக்கு அப்பாவின் கேன்வாஸ் ஷூவை மாட்டிக்கொண்டு தெருவைக் கடந்தேன். ஷூ எனக்குப் பெரிது, நுனியில் வெட்டுத்துணி அடைத்திருந்தேன். மாமா கண்ணாடியில் கதவைப் பார்த்திருப்பார், ஷூவையும் பார்த்திருப்பார். ஐம்பதைத் தொட்டவள், படியேறக் கூடாது என்று மருத்துவர் சொல்லி அனுப்பியவள், அவர் தோளில் கையை ஊன்றிக்கொண்டு நின்றேன். தோள் எலும்பும் தோலுமாக இருந்தது.

"மூச்சைப் பிடி."

பிடித்தேன்.

"விடு."

முதல் தடவை ஒன்றும் நடக்கவில்லை. அவர் இறங்கி, கிக்கரை மறுபடி கையால் அமுக்கி, முள்ளை நடுவுக்குக் கொண்டுவந்து, மறுபடி ஏறி உட்கார்ந்தார். அதற்கே மூச்சு வாங்கியது. இரண்டாவது தடவை ஒரு இருமல் இருமிவிட்டு அடங்கியது. மறுபடியும் இறங்கினார். வேண்டாம் மாமா என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் அதற்குள் ஏறிவிட்டார். மூன்றாவது முறை கால் தானாகவே இடத்தைக் கண்டுகொண்டது. உச்சியைத் தாண்டியதும் மிதித்தேன். வண்டி கிளம்பிவிட்டது. டெம்போக்காரர் பல் துலக்கிக்கொண்டே வாசலுக்கு வந்து நின்றார்.

மாமா சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, மகனை அழைத்து, போனைப் பெட்ரோல் டாங்க் மேல் வைத்தார்.

"அப்பா? அப்பா, என்ன சத்தம் அது?" பிறகு அவனுக்குப் புரிந்தது. கொஞ்ச நேரம் இருவரும் அந்தச் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தார்கள். "யாருப்பா உதைச்சது?"

"யாரும் உதைக்கல. உங்க அக்கா மிதிச்சா."

"ஹெல்மெட் வாரைக் கட்டிக்குங்க" என்று சொல்லிவிட்டு அவன் வைத்துவிட்டான். வேனைப் பற்றி ஒன்றும் பேசவில்லை.

மாமா வாரைக் கட்டிக்கொண்டார். கண்ணாடியைச் சாலைக்குத் திருப்பினார். அப்புறம் அவருடைய இடது கை பின்னால் போனது. ரெக்சினில் இரண்டு தட்டு தட்டியது. தட்டிய கை அங்கேயே நின்றது. ஏறிக்கொள்ளலாமா என்று ஒரு கணம் எனக்குத் தோன்றியது. நான் ஏறவில்லை, அவரும் கூப்பிடவில்லை. கை மெதுவாகத் திரும்பி வந்து கிளட்சைப் பிடித்தது. வலது கால் கியரைப் போட்டது. எப்போதும் போலவே முன்னால் ஒட்டி உட்கார்ந்து, பின்னால் ஒரு ஆளுக்கு இடம் விட்டு, தண்ணீர்த் தொட்டி இருக்கும் திசையில் போனார்.

இப்போது தினமும் நான் மிதித்துக் கொடுக்கிறேன், அவர் போகிறார். அங்கே டீ குடிக்கும்போதும் வண்டியை அணைப்பதில்லையாம். வண்டி முழுவதையும் தினமும் துடைக்கிறார். துடைக்கிற துணி சீட்டின் பாதியோடு நின்றுவிடுகிறது. பின்பாதியில் அப்பா போட்ட சாக்பீஸ் கோடுகள் இருக்கின்றன. அவற்றின் மேல் தையல் இன்னும் ஓடவில்லை.